விளக்குக்கு எந்த எண்ணெய்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லாந்தர் விளக்கில் நல்லெண்ணெய் ஊற்றலாமா?

வேண்டாம். தாவர எண்ணெய் கெட்டியானது, திரியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறுவதே பெரிது. லாந்தரில் சுடர் அதைவிட உயரத்தில் இருக்கிறது. எண்ணெய் எட்டாமல் திரிதான் கருகும். அதற்கு அகல் விளக்குதான் சரி.

விளக்கெண்ணெய் ஊற்றினேன், சரியாக எரியவில்லை. ஏன்?

எந்த விளக்கெண்ணெய்? ஆமணக்கு எண்ணெயா, 'லாம்ப் ஆயில்' என்று விற்கும் பாரஃபினா? என்ன விளக்கு என்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? ஆமணக்கு என்றால் முதல் பதிலைப் படியுங்கள். பாரஃபின் என்றால் மெல்லிய உருண்டைத் திரிக்குப் பரவாயில்லை, அகலப் பட்டைத் திரியில் மங்கிவிடும்.

மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் வெளிச்சம் கூடுமாமே?

யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும். விளக்கின் டேங்க் வீட்டுக்குள் பத்திரமாக இருப்பது அந்த ஒரு குணத்தால்தான். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும். அதில் கொஞ்சம் சேர்ந்தாலும் டேங்கின் காலி இடத்தில் ஆவியும் காற்றும் வெடிக்கிற அளவில் கலந்து நிற்கும், சுடரோ ஒரு சாண் மேலே. 'கொஞ்சம்தானே' என்ற பேச்சே இங்கே கிடையாது. பெட்ரோல் வாங்கிய கேனைக் கழுவிவிட்டு அதிலேயே மண்ணெண்ணெய் வாங்குவதும் இதே தப்புதான். மண்ணெண்ணெய்க்குத் தனிக் கேன், மேலே பெயர் எழுதி. எண்ணெயில் பெட்ரோல் வாடை லேசாக அடித்தாலும் விளக்கில் ஊற்றாதீர்கள். வெளிச்சம் போதவில்லையா? இன்னும் அகலமான திரி உள்ள விளக்கை வாங்குங்கள்.

டீசல்?

புகை, நாற்றம், திரி அடைப்பு. வேண்டாம்.

ஸ்பிரிட் சுத்தமாக எரிகிறதே, அதையே ஊற்றினால் என்ன?

சுடர் நீலம், வெளிச்சமே வராது. பகலில் எரிவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது, கை சுட்ட பிறகுதான் தெரியும். அதுவும் சட்டென்று பற்றிக்கொள்ளும் சரக்கு.

கண்ணாடி கறுத்துப் போகிறது. எந்த எண்ணெய்க்கு மாறலாம்?

முதலில் திரியை இறக்குங்கள். கருகிய நுனியை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் லேசாகக் கத்தரியுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். அப்புறமும் புகைந்தால் எண்ணெய் பழையதா, தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எரிந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றலாமா?

கூடவே கூடாது. அணைத்து, கால் மணி நேரமாவது ஆறவிட்டு ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், சூட்டில் எண்ணெய் விரியும். பெயர் எழுதிய அந்தத் தனிக் கேனிலிருந்துதான் ஊற்ற வேண்டும்.