ரீசேட்டில் ஸ்கிரீன் பிரின்ற்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

பரந்தன் பக்கம் சிறிய அச்சுக் கொட்டில் ஒன்று வைத்து, விளையாட்டுக் கழகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ரீசேட் அடித்துக் கொடுப்பவன் நான். அச்சுக்கலையைப் பற்றியும் ஸ்கிரீன் பிரின்ற் தொழிலைப் பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி "கழுவினால் போகிறது" என்ற முறைப்பாடுதான். அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் வரும்.

உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன் அண்ணை. அச்சுக்கலையின் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லுவீங்களா? (மாணவி, வட்டக்கச்சி)

மை எங்கே நிற்கிறது என்று பாருங்கள் தங்கச்சி, வகை தானாகப் பிரிந்துவிடும். பலகையைச் செதுக்கி, மேடாக நிற்கும் இடத்தில் மை பூசி எடுப்பது முதல் வகை. சீனாவில் 868ஆம் ஆண்டு அச்சான வச்சிர சூத்திரச் சுருள் அப்படிச் செய்ததுதான். டுன்ஹுவாங் குகையில் கிடைத்த அது இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. யப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் 'பேரலை' படமும் மரப்பலகை அச்சே. இரண்டாவது வகையில் செப்புத் தகட்டைக் கீறி, அல்லது அமிலத்தால் அரித்து, பள்ளத்துக்குள் மையை நிரப்பி, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு ஈரத்தாளை அழுத்தி எடுப்பார்கள். டச்சு ஓவியர் றெம்பிராண்ட் இதில் மன்னன். மூன்றாவது கல்லச்சு. அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதை வைத்து, பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் 1796 அளவில் சுண்ணக்கல்லில் செய்துகாட்டினார். இன்றைய ஓப்செற் அச்சு அதன் வழி வந்தது. நாலாவது வகை, துளை வழியாக மையை இறக்குவது. ஸ்கிரீன் பிரின்ற் அங்கேதான் சேரும்.

முதல் மூன்றிலும் படம் இடம் வலம் மாறி விழும், நாலாவதில் மாறாது. பரீட்சையில் இதையும் எழுதுங்கள்.

தமிழில் அச்சு எப்போது வந்தது? (ஆசிரியர், மல்லாவி)

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் வேலை. இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்று. எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் 1841இல் 'உதயதாரகை'யைத் தொடங்கியது. எல்லாம் ஈய எழுத்து, அதாவது மேலே சொன்ன முதல் வகை.

சில்க் ஸ்கிரீனை யார் கண்டுபிடித்தது? ஒரு இடத்தில் சீனா, ஒரு இடத்தில் யப்பான், இன்னொரு இடத்தில் இங்கிலாந்து என்று இருக்கிறது. (முள்ளியவளை)

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடக் கதிரையைப் பாருங்கள். தகட்டில் எழுத்தை வெட்டி, கதிரையின் முதுகில் வைத்து பெயின்ற் அடித்திருப்பார்கள். 'வ', '8' போன்றவற்றின் நடுத்துண்டு விழாமலிருக்க ஒரு சிறு பாலம் விட்டு வெட்டவேண்டும். அதனால்தான் அந்த எழுத்துகள் உடைந்து உடைந்து தெரிகின்றன.

யப்பானியர் துணியில் கோலம் இறக்கக் கத்தகாமி என்ற துளைத்தாளைப் பாவித்தார்கள். மல்பெரித் தாளை அடுக்காக ஒட்டி, பேர்சிமன் பழச்சாற்றில் பதப்படுத்தி வெட்டுவது. நுணுக்கமான கோலங்களில் துண்டுகள் விழாமலிருக்க இரண்டு தாளுக்கு நடுவே பட்டு நூல்களை ஓடவிட்டு ஒட்டினார்கள். மை நூலைச் சுற்றி இறங்கிவிடும், பாலத்தின் தடமும் தெரியாது. நாலைந்து நூலுக்குப் பதிலாக ஒரு முழுப் பட்டுத் துணியையே போட்டால் அதுதான் சில்க் ஸ்கிரீன்.

இங்கிலாந்தில், மன்செஸ்ரரில், சாமுவேல் சைமன் 1907இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பட்டுக்குத் தட்டுப்பாடும் இருக்கவில்லை. ஐரோப்பிய ஆலைகளில் கோதுமை மா அரிப்பதற்கென்றே நுண்ணிய பட்டு வலை நெய்துகொண்டிருந்தார்கள். பைகுரோமேற் என்ற உப்பு வெளிச்சம் பட்டால் மாறும் என்று ஸ்கொட்லாந்தின் முங்கோ பொன்ரன் 1839இலேயே கண்டிருந்தார். 1910களில் அச்சுக்காரர்கள் அதைத் திரைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தாலேயே படத்தை எடுத்ததும் கையால் வெட்டும் வேலை குறைந்தது. 1962இல் அமெரிக்க ஓவியர் அன்டி வார்ஹோல் மரிலின் மன்றோவின் முகத்தை இந்த முறையில் அடித்த பிறகு, விளம்பரப் பலகைக்காரரின் வேலை என்று ஒதுக்கியவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் சோதனை வினாத்தாள் அடித்த றோணியோவும் இதே குடும்பம்தான். மெழுகுத்தாளில் துளை, துளை வழியே மை.

சுயதொழிலாகத் தொடங்க நினைக்கிறேன். முதலில் என்ன வாங்கவேண்டும்? (குடும்பப் பெண், உடையார்கட்டு)

மெஷின் வாங்காதீர்கள் அக்கா, அது பிறகு. முதலில் இரண்டு சட்டம், வலை, ஒரு ஸ்குவீஜி (மையை வலையில் இழுக்கும் றப்பர் பிடி), சட்டத்தைப் பூட்டப் பிணைச்சல், தட்டையான பலகை. இவ்வளவும் போதும்.

வலை இப்போது பட்டு அல்ல, பொலியெஸ்ரர். சென்ரிமீற்றருக்கு 43 இழை உள்ளது ரீசேட்டுக்குப் பொதுவானது. சிறிய எழுத்துக்கு 60க்கு மேல் போகலாம். 120 இழை வலையைக் கடைக்காரர் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தாளுக்கும் ஸ்டிக்கருக்கும் உரியது, துணியில் மை போதாது. வலையை விரலால் தட்டினால் பறை மாதிரி விண்ணென்று நிற்கவேண்டும். தொய்ந்த வலையில் எந்த விலை மையும் வடிவாக விழாது. ஸ்குவீஜி றப்பர் மிகக் கடினமாக இருக்கக்கூடாது, 60 முதல் 70 ஷோர் (றப்பரின் கடினத்தை அளக்கும் அளவு) என்று கேட்டு வாங்குங்கள். அடிக்கும்போது வலைக்கும் சேட்டுக்கும் இடையில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். ஸ்குவீஜி கடந்ததும் வலை தானாக மேலே எழவேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் கரை கலங்கும்.

கறண்ட் அடிக்கடி போகிறது. வெயிலிலேயே ஸ்கிரீன் எடுக்கலாமா? (தம்பி ஒருவர், ஒட்டுசுட்டான்)

தாராளமாக. வன்னியில் வெயிலுக்கா பஞ்சம்! டயசோ எமல்ஷனை, அதாவது வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சை, வலையில் மெல்லிசாக இரண்டு பக்கமும் பூசி, சேட் படும் பக்கம் கீழே இருக்கக் கிடையாக வைத்து, இருட்டில் காயவிடுங்கள். வடிவாகக் காயாததை வெயிலில் வைத்தால் கழுவும்போது முழுதும் உரிந்து வரும். மாரியில் ஒரு இரவு முழுக்க வைத்தாலும் சிலவேளை போதாது, மின்விசிறி வேண்டும்.

படத்தைக் கடும் கறுப்பில் ஒளிபுகும் தாளில் பிரின்ற் எடுத்து, சேட் படும் பக்கத்தில் வைத்து, மேலே கண்ணாடி போட்டு அழுத்துங்கள். மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது எழுத்து நேராகத் தெரியவேண்டும். கறுப்பு மறைத்த இடம் இறுகாது, தண்ணீரில் கரைந்து திறக்கும். மற்ற இடம் வெளிச்சத்தில் இறுகி மூடிக்கொள்ளும்.

எத்தனை நிமிடம் என்று என்னிடம் கேட்காதீர்கள். எமல்ஷனுக்கு எமல்ஷன், மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு பழைய ஸ்கிரீனில் மட்டையால் மூடி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பாருங்கள். எந்தப் பட்டையில் கோடு கூர்மையாகத் திறந்து, எமல்ஷனும் வழுவழுக்காமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் நேரம்.

இரண்டு நாள் வெயிலில் காயவிட்டும் மை கையில் ஒட்டுகிறது. (விசுவமடு) / காய்ந்தது, ஆனால் மூன்றாம் கழுவலில் உரிந்தது. (நெடுங்கேணி) / கழுவக் கழுவ வெளிறுகிறது. (செட்டிகுளம்)

மூன்று பேருக்கும் குறை சூட்டில்தான் இருக்கிறது. மையை மாற்றிப் பயனில்லை.

விசுவமடுக்காரர் பாவித்தது பிளாஸ்ரிசோல். அது பிவிசி தூளை ஓர் எண்ணெய்ப் பொருளில் குழைத்தது. அதில் ஆவியாகிப் போக ஒன்றுமில்லாததால் இரண்டு வருடம் வைத்தாலும் காயாது. மையின் முழுத் தடிப்பும் ஏறக்குறைய 160 பாகை செல்சியஸுக்கு வந்தால்தான் தூள் உருகி ஒன்றாகி, இழைக்குள் பிடிக்கும். நெடுங்கேணித் தம்பியின் சேட்டில் மேல்தோல் மட்டும் வெந்து, அடி பச்சையாக இருந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் இது தெரியாது. ஆறிய பிறகு இழுத்துப் பாருங்கள். வெடித்துப் பிளந்தால் அடி வேகவில்லை. வீட்டு மின்னழுத்தியை நம்பவேண்டாம், ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் சுடாது. பிளாஸ்ரிசோல்தான் வேண்டுமென்றால் முதல் செலவு ஹீற் பிரஸ்ஸாக (சூட்டோடு அழுத்தும் மெஷின்) இருக்கட்டும்.

செட்டிகுளத்தில் அடித்தது தண்ணீரில் கலக்கும் மை. அதில் நிறத்தைத் துணியோடு பிடித்து வைப்பது பைண்டர். தண்ணீர் வற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்போம், ஆனால் பைண்டர் அதற்குப் பிறகு சூட்டில்தான் இறுகும். மை விற்பவர் சொல்லும் அளவில் ஃபிக்சர் (பைண்டர் இறுக உதவும் மருந்து) கலந்து, முழுக்க உலரவிட்டு, 150 பாகை அளவில் சில நிமிடம் கொடுங்கள். இந்த மைக்கு மின்னழுத்தி ஓரளவு உதவும். நீராவி இல்லாமல், உட்பக்கத்திலிருந்து, ஒவ்வொரு இடமாகப் பொறுமையாக. பிறகு சில நாள் தண்ணீர் காட்டாதீர்கள்.

எதுவானாலும் முதல் சேட்டைக் கொடுக்குமுன் வீட்டில் நாலைந்து தரம் சவர்க்காரம் போட்டுத் தோயுங்கள். வாடிக்கையாளர் தோய்த்துக் கண்டுபிடிப்பதைவிட அது மலிவு.

சோளகம் வீசும் மாதங்களில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வலை அடைபடுகிறது. (முழங்காவில்)

தண்ணீர் மை வலையிலேயே காய்கிறது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மையை அழுத்தாமல் வலை முழுவதும் ஒருமுறை பரப்பிவிடுங்கள், துளை ஈரமாக நிற்கும். காற்று வரும் பக்கத்துக்குப் படங்கு கட்டுங்கள், அதிகாலையில் அடியுங்கள். தேநீர் குடிக்கப் போனால் வலையைக் கழுவிவிட்டுப் போங்கள். ஒன்று கூட: தண்ணீர் மைக்குத் தண்ணீர் தாங்கும் எமல்ஷன்தான் சரி. சாதாரணமானது பாதி வேலையில் கரையத் தொடங்கும்.

கழக ஜேர்சி சிவப்பு. வெள்ளை நம்பர் அடித்தோம், அடுத்த நாள் ரோஸ் நிறமாகிவிட்டது! (முல்லைத்தீவு)

ஜேர்சி பொலியெஸ்ரர். சூட்டில் அதன் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறியிருக்கிறது. சாயம் ஏறாத வகை வெள்ளை மை கேட்டு வாங்கி, அது அனுமதிக்கும் குறைந்த சூட்டில் வேகவையுங்கள். அடுத்த வருடம் வெள்ளைத் துணி எடுத்து, நிறத்தையும் நம்பரையும் சப்ளிமேஷனில் போடச் சொல்லுங்கள். அங்கே இதே குணம்தான் வேலை செய்கிறது. 200 பாகை அளவில் சாயம் ஆவியாகிப் பொலியெஸ்ரருக்குள் போய்விடும். பருத்தியில் நிற்காது.

ஸ்கிரீனைக் கிணற்றடியில் கழுவலாமா? (புளியங்குளம்)

வேண்டாம். எங்கள் கிணறுகள் ஆழமில்லாதவை, ஊற்றிய தண்ணீர் சுற்றி வந்து குடத்துக்குள்தான் விழும். தள்ளி ஒரு குழி வெட்டிக் கழுவுங்கள். பிளாஸ்ரிசோலைத் துணியால் வழித்துக் குப்பையோடு போடுங்கள். மலிவு என்று இன்னும் சிலர் பைகுரோமேற் தூளை விற்கிறார்கள், தொடவே தொடாதீர்கள். புற்றுநோய் தரும் குரோமியம் அது. டயசோ கிடைக்கிற காலத்தில் அதற்குத் தேவையே இல்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தல் பிள்ளைகளுக்கு 12 ரீசேட், மூன்று நிறப் படம். ஸ்கிரீன் கட்டுமா? (தண்ணீரூற்று)

கட்டாது. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், மூன்று ஸ்கிரீன் எடுக்கும் செலவு 12 சேட்டின் தலையில் விழும். படத்தை ஒரே நிறமாக்கினால் நானே அடித்துத் தருவேன். மூன்று நிறம்தான் வேண்டுமென்றால் டீரீஎஃப் ஸ்டிக்கர் (படலத்தில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது) ஒட்டுபவரிடம் கொடுங்கள். சேட்டை மட்டும் பருத்தியாக எடுங்கள், வைகாசி வெயில்.