காணிக்குள் கிடந்த சட்டி உடைவுகள்

வணக்கம் அண்ணா,

நான் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம். போன மாதம் மாமாவின் காணியில் கிணறு வெட்டப் பெக்கோ இயந்திரம் பிடித்தோம். ஓராள் ஆழம் போக முன்பே மண்ணோடு சட்டி உடைவுகள் நிறைய வந்தன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அழிந்துபோன நாகரிகங்கள், குமரிக்கண்டம் என்று யூடியூப்பில் நிறையப் பார்க்கிறவன் நான். படம் எடுத்து இடத்தோடு முகநூலில் போடலாம் என்றால் மாமா விடுகிறார் இல்லை. "வெளியில் தெரிந்தால் காணி போய்விடும், இல்லாவிட்டால் புதையல் கிண்டுகிறவர்கள் இரவில் வந்து நிற்பார்கள்" என்கிறார். இப்படியானவற்றைப் பாதுகாப்பது என்றால் மறைத்து வைப்பதா, எல்லாருக்கும் சொல்வதா?

அன்புள்ள தம்பி,

முதலில் பெக்கோவை நிறுத்துங்கள். குழிக்கு மேலே தறப்பாள் ஒன்றைக் கட்டிவிடுங்கள், மழைக்குக் கரை இடிந்தால் எல்லாம் கலந்துவிடும். உடைவுகளைக் கழுவ வேண்டாம்.

பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாமல் கறுக்கிறது, வெளிப்பக்கம் சிவக்கிறது. இந்த வகைச் சட்டிகள் ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும், இங்கே பொம்பரிப்பிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்திருக்கின்றன. இரும்பு தெரிந்த மக்கள், 2,000 வருடங்களுக்கும் முந்தியவர்கள். உங்களுடையதும் அதுதானா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, பார்க்கத் தெரிந்தவர்கள் நேரில் பார்க்க வேண்டும். அவர்கள் சட்டியை மட்டும் பார்க்க மாட்டார்கள், அது எந்த மண் படையில் கிடந்தது, பக்கத்தில் கரித்துண்டு இருந்ததா, அதற்கு மேல் என்ன, கீழ் என்ன என்று கேட்பார்கள். அந்தக் கரியை வைத்துக் காலம் கணிக்கலாம். அள்ளி எடுத்து அலுமாரிக்குள் வைத்த சட்டி அழகாக இருக்கும், ஆனால் அதனிடம் கேட்க வேண்டியதில் பாதியை நாமே அழித்திருப்போம்.

மறைப்பதா சொல்வதா என்ற கேள்விக்கு ஹரப்பாவைப் பாருங்கள். அங்கே கிடைத்த ஒரு முத்திரையின் படத்தைத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் 1875இலேயே வெளியிட்டார், அது எவ்வளவு பழையது என்று அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்த ஊரின் செங்கற்களை அதற்கு முன்பே லாகூர்–முல்தான் ரயில் பாதைக்கு அள்ளிப் போட்டுவிட்டார்கள். பிறகு 1924 செப்டெம்பர் 20 அன்று இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜோன் மார்ஷல் ஹரப்பா, மொகஞ்சதாரோ படங்களை லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் போட்டார். அடுத்த வாரமே சேய்ஸ் என்ற அறிஞர், ஈரானின் சூசாவில் கிடைத்த பழைய களிமண் கணக்குப் பலகைகள் இந்த முத்திரைகள் மாதிரியே இருக்கின்றன என்று அந்தப் பத்திரிகைக்கு எழுதினார். சிந்துவெளி எவ்வளவு பழையது என்பது அப்படித்தான் வெளிக்க ஆரம்பித்தது. தோண்டியவருக்குத் தெரியாதது வாசித்தவருக்குத் தெரிந்திருந்தது. குமரிக்கண்ட வீடியோக்களில் இதுதான் இல்லை, இந்த இடம், இந்த ஆழம், இந்தப் படம், நீங்களே சரிபாருங்கள் என்று அவை ஒன்றையும் நம் கையில் தருவதில்லை.

சரி, மாமாவின் பயம். வன்னியில் இருக்கிற எவரும் அதை வீண்பயம் என்று சொல்ல மாட்டோம். தொல்பொருள் என்று பெயர் விழுந்தால் காணிக்கு என்ன நடக்குமோ என்று விதைக்கவும் தயங்கும் சனத்தை நான் அறிவேன். ஆனாலும் வாய் மூடி இருந்தால் காணி தப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாம் எழுதாத இடத்தில் வேறொருவர் எழுதுவார், முதலில் எழுதியவர் சொன்னதுதான் நிற்கும். வவுனியா பெரிய புளியங்குளத்துக் குகையில், தமிழ் வணிகன் விசாகனுடைய குகை என்று பிராகிருத மொழியில், பழைய பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறது. பௌத்தத் துறவிகளுக்கான குகை, கொடுத்தவன் தமிழன். அதைப் படியெடுத்து வாசித்துக் கல்வெட்டறிஞர் பரணவிதான 1970இல் அச்சில் போட்டதால்தான் இன்றைக்கு எவராலும் அதை இல்லை என்று சொல்ல முடியவில்லை. இந்த மண்ணின் பழங்கதை யாரோ ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தம் என்று கத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

ஆகவே சொல்லுங்கள், ஆனால் முகநூலில் இடத்தைப் போடாதீர்கள். புதையல் கும்பலுக்கு வழிகாட்டுவது பகிர்வு ஆகாது. இன்றைக்கே படம் எடுங்கள், பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து, வடக்கு எது, மேல்மண்ணிலிருந்து எத்தனை அடி, மண் என்ன நிறம், திகதி எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதில் இரண்டு பிரதி, ஒன்று வேறு வீட்டில். யாழ்ப்பாண நூலகத்தில் 1981இல் எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பவே இல்லை. அப்புறம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியர்களிடம் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது சட்டப்படி தொல்பொருள், கண்டவர் அறிவிக்க வேண்டும். அதை அவர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு எழுத்தில் செய்யுங்கள், பிரதி கையில் இருக்கட்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. ஆங்கிலேய அதிகாரி லூயிஸ் 1895இல் வன்னி பற்றி எழுதிய கையேட்டில் இங்குள்ள குளங்களையும் ஊர்களையும் பதிந்தார். அதற்குப் பிறகு எத்தனை இடப்பெயர்வு! காட்டுக்குள் கட்டு உடைந்து கிடக்கும் குளங்களின் பெயரும், எந்தத் துரிசால் (மதகால்) எந்த வயலுக்குத் தண்ணீர் போனது என்பதும் இப்போது வயதான சிலரின் வாயில்தான் இருக்கிறது. உங்கள் காணிக்குப் பக்கத்தில் பழைய குளம் ஏதும் உண்டா? மாமாவிடம் கேளுங்கள், போனில் குரலைப் பதியுங்கள். படங்களோடு அதையும் எனக்கு அனுப்புங்கள்.