போக்ஸோ மேல்முறையீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மருத்துவ அறிக்கையில் காயம் எதுவும் இல்லை. தண்டனை நிற்குமா?

நிற்கும். போக்ஸோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பிரிவு 7-இன் தொடுதல் குற்றத்தில் காயத்தைத் தேடுவதே வீண். ஊடுருவல் குற்றத்திலும், சில வாரம் கழித்துப் பரிசோதனை நடந்திருந்தால் காயம் இல்லாதது வியப்பல்ல. குழந்தை சொன்னது நடந்திருக்கவே முடியாது என்று மருத்துவர் சொன்னாரா? அதைப் பாருங்கள்.

குழந்தையின் சாட்சியம் ஒன்றே போதுமா?

போதும். பாதிக்கப்பட்டவரின் நம்பத்தக்க சாட்சியம் ஒன்றே போதும் என்ற குர்மீத் சிங் (1996) வழக்குக்குப் பிறகும் இதைக் கேட்கிறார்கள். வடிவேலு தேவர் (1957) வழக்கு சாட்சியை மூன்று வகையாகப் பிரித்தது: முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். வேறு சான்றின் துணை தேவைப்படுவது மூன்றாமவருக்குத்தான்.

போலீஸ் வாக்குமூலத்தில் இல்லாத விஷயத்தைச் சிறுமி கோர்ட்டில் சொல்லியிருக்கிறார். மேல்முறையீட்டில் இது ஒன்றே போதும்தானே?

விசாரணைக் கோர்ட்டில் முறைப்படி நிரூபித்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. போலீசிடம் தந்த 161 வாக்குமூலத்தை (எண் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு) டைப்செட்டில், அதாவது மேல்முறையீட்டு ஆவணத் தொகுப்பில், சேர்த்துவிட்டு உயர் நீதிமன்றத்தில் முதல்முறையாக வாசிப்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. முரண்பாடு என்றால், குறுக்கு விசாரணையில் அந்தக் குறிப்பிட்ட வரியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாட்சி மறுத்தால், புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது "இப்படிச் சொன்னாரா?" என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். விடுபாட்டுக்கும், அதாவது போலீசிடம் சொல்லாமல் விட்டதற்கும், இதே இரண்டு படிகள்தான். இரண்டாவது படி இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் காகிதம். எல்லா விடுபாடும் முரண்பாடு ஆகிவிடாது. சட்டைக் கலரை விட்டது அற்பம். செயலையே விட்டது கனமானது.

போக்ஸோவில் இன்னொரு சிக்கல். பிரிவு 33(2)-இன்படி கேள்வியை நீதிபதி வழியாகத்தான் குழந்தையிடம் கேட்க முடியும். ஆனால் பதிவு எப்படி இருக்கிறது? "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) மீது பொய்யாகச் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல. போலீசாரிடம் தேதி, நேரம், இடம் எதையும் சொல்லவில்லை என்றால் சரிதான்." எட்டு வயதுக் குழந்தை இப்படியா பேசும்? மூன்று விஷயத்தை ஒரே கேள்வியில் திணித்து வாங்கிய அந்த "சரிதான்" எதற்கான ஒப்புதல்? கேள்வி மறைந்து, பதில் மட்டும் வாக்கியமாக நிற்கிறது. முக்கியமான பகுதிகளைக் கேள்வி-பதிலாகவே பதிவு செய்ய நீதிபதிக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276(2)-லேயே அதிகாரம் உண்டு. கேட்டுப் பெறுபவர்கள்தான் இல்லை. இப்படிப்பட்ட "சரிதான்"களை மட்டும் நம்பி மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதாதீர்கள். முதல் விசாரணை (சாட்சியை அழைத்த தரப்பு கேட்பது), குறுக்கு விசாரணை இரண்டையும் வரி விடாமல் படியுங்கள். தீர்ப்பை மட்டும் அனுப்பிக் கருத்துக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பிரிவு 29 இருக்கும்போது எதிரிதானே நிரூபிக்க வேண்டும்?

அடிப்படை உண்மைகளை, அதாவது குழந்தையின் வயதையும் செயல் நடந்ததையும், அரசுத் தரப்பு முதலில் நிலைநாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் எதிரி குற்றம் செய்தார் என்ற பிரிவு 29-இன் அனுமானம். அதுவும் 3, 5, 7, 9 பிரிவுகளுக்கு மட்டும். பிரிவு 11 (பாலியல் தொந்தரவு) வழக்கில் 29-ஐத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

வயதுக்கு டி.சி. மட்டும் தாக்கல் செய்திருக்கிறார்கள்.

யுவபிரகாஷ் (2023) தீர்ப்பைப் படியுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 94 கேட்பது பள்ளி தரும் பிறப்புச் சான்றிதழ் அல்லது மெட்ரிக் சான்றிதழ். அது இல்லையேல் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லையேல் எலும்புப் பரிசோதனை. டி.சி. இந்தப் பட்டியலில் இல்லை. வயது விழுந்தால் போக்ஸோ விழும். மற்றச் சட்டப்பிரிவுகள் தாமாக விழாது.

164 வாக்குமூலத்தில் (மாஜிஸ்திரேட் முன் தருவது; எண் பழைய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு) விவரமாகச் சொன்ன பெண் கோர்ட்டில் பிறழ்ந்துவிட்டார். 164-ஐ வைத்தே தண்டிக்கலாமா?

முடியாது. அது தனித்து நிற்கும் ஆதாரச் சாட்சியம் அல்ல. ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்று பார்க்கத்தான் பயன்படும். அதே சமயம், பிறழ்சாட்சியின் சாட்சியம் முழுவதும் குப்பையும் அல்ல. முதல் விசாரணையில் உறுதியாகச் சொல்லிவிட்டு, சில மாதம் கழித்து நடந்த குறுக்கு விசாரணையில் மாறியிருந்தால், இடைவெளித் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்னதைக் கோர்ட் ஏற்க வாய்ப்புண்டு. மறுபடி சொல்கிறேன்: இரண்டையும் படியுங்கள்.

சத்தியப் பிரமாணம் செய்துவைக்காமல் ஐந்து வயதுக் குழந்தையை விசாரித்திருக்கிறார்கள்.

செல்லும். ராமேஷ்வர் (1952) வழக்கிலேயே முடிந்துபோன விஷயம்.

(குழந்தையின் பெயர், பள்ளி, ஊர் எல்லாம் எழுதி ஒரு வழக்கறிஞர் கேட்ட கேள்வி)

பதில் கிடையாது. பிரிவு 33(7)-ஐப் படித்துவிட்டு, பெயரை நீக்கி அனுப்புங்கள். மேல்முறையீட்டு மனுவிலும் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள் என்று பயமாக இருக்கிறது.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய எத்தனை நாள்?

60. நகல் பெறச் செலவான நாட்கள் கழியும். தண்டனையை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும்.