சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, மீட்கப்பட்ட முயல்களைத் தற்காலிகமாக வளர்த்துக் கொடுக்க முடியுமா? பழகிய பிறகு பிரிவது கஷ்டமாக இருக்காதா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். முடியும். பூனைக்குத்தான் 2024 செப்டம்பர் வரை வீவக வீட்டில் இடமில்லாமல் இருந்தது. முயல், வெள்ளெலி போன்றவற்றுக்கு அதற்கு முன்பிருந்தே தடை இல்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. "பழகிட்டு எப்படித்தான் தூக்கிக் கொடுக்க மனசு வருதோ" என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். கல்நெஞ்சுக்காரியால்தான் முடியும் என்று சொல்லாமல் சொல்லும் குரல் அது. நீங்கள் அப்படிக் கேட்கவில்லை, தெரியும். வேலைக்குப் போகிறவர், வீட்டில் ஒரு மூலை காலியாக இருக்கிறது, கைவிடப்பட்ட ஒரு முயலின் படம் எங்கோ கண்ணில் பட்டு மனசு கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் செங்காங்கில் நாலறை வீட்டில் அம்மாவோடும் மகளோடும் இருக்கிறேன். சில ஆண்டுகளாக இந்தத் தொண்டூழியம் செய்து வருகிறேன். நான் விலங்கு மருத்துவர் இல்லை, அதனால் இங்கே சொல்வதை வைத்து யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம். "மனுசங்களுக்கே உதவ ஆளில்லை, முயலுக்கு என்ன" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது மருத்துவமனையில், வயதானவர்கள் இருக்கும் வார்டில். மனிதர்களுக்குச் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

முயலைக் கைவிடுகிற பலர், புல்தரை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்துப் பூங்காவிலோ புளோக்குக்குக் கீழேயோ விட்டுவிட்டுப் போகிறார்கள். அது பிழைக்காது. வீட்டில் வளர்க்கும் முயல் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. நம் ஊர் வெயில், பூனை, நாய், கார் எதையும் சமாளிக்கத் தெரியாது. சட்டப்படி இப்படி விடுவது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இருந்தும் அட்டைப்பெட்டிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. "ரெண்டும் பெட்டைதான்" என்ற பேச்சை நம்பி வாங்கிவருவார்கள், ஒன்று கடுவனாக இருக்கும். சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம்தான், குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்படவும் முடியும். வீடு நிறைந்த பிறகுதான் யாரையாவது தேடிக் கூப்பிடுவார்கள். ஹவுஸ் ரேபிட் சொசைட்டி சிங்கப்பூர் போன்ற தொண்டூழியக் குழுக்கள் இப்படிப்பட்டவற்றுக்கு வீடு தேடித் தருகின்றன. சுங்கை தெங்காவில் இருக்கும் எஸ்பிசிஏ எனும் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்திலும் முயல்கள் வந்து சேர்வதுண்டு. எங்கேயும் இடம் தாராளமாகக் கிடையாது. நீங்கள் ஒரு முயலை வைத்துக்கொண்டால் அங்கே ஒரு இடம் காலியாகிறது. தற்காலிகமாக வளர்ப்பதன் முதல் பலன் இதுதான், இரண்டாவது பலனை மல்லியை வைத்துச் சொன்னால்தான் புரியும்.

மல்லியைப் பலமாடிக் கார்நிறுத்துமிடம் ஒன்றின் படிக்கட்டில் கூண்டோடு கண்டெடுத்தார்கள். அடிப்பக்கமும் கம்பியாலான கூண்டு. முயலுக்கு நாய் பூனை மாதிரி உள்ளங்காலில் மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். கம்பியிலேயே நின்று நின்று அவளுடைய பின்னங்கால் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, இடது காலில் புண்ணாகியிருந்தது. நகம் வளர்ந்து பக்கவாட்டில் வளைந்துகிடந்தது. குழு கொடுத்த தாளில் ஏதோ ஒரு ஜப்பானியப் பலகாரத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. ரசத்துக்குக் கொத்தமல்லி ஆய்ந்துவிட்டுத் தண்டை நீட்டினால் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவாள் என்பதால் மல்லி என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று. முயலுக்கு முக்கிய உணவு காய்ந்த புல். வளர்ந்த முயலுக்கு டிமோத்தி புல்லை நாள் முழுக்க, திகட்டத் திகட்ட வைக்க வேண்டும். அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்றால்தான் தேயும். கேரட் இனிப்பு, எப்போதாவது ஒரு சின்னத் துண்டு போதும். கேரட் மட்டும் போட்டு வளர்த்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வந்த சில வாரங்களில், நான் மாலை வேலை முடிந்து இரவில் வந்த ஒரு நாள், மல்லி மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. கிட்டே குனிந்தால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். கழிவுத் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மல்லித்தண்டை மூக்குக்கு நேரே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் வாயு சேர்ந்து வலி வரும், வலியால் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் மந்தமாகும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் காலையில் முயல் இருக்காது. எல்லா விலங்கு மருந்தகமும் முயல் பார்ப்பதில்லை, அதிலும் நள்ளிரவில் பார்ப்பவை மிகக் குறைவு. குழுவின் ஒருங்கிணைப்பாளர் எந்த இடம் என்று முதல் வாரமே எழுதித் தந்திருந்தார், உடனே வாடகைக் காரைப் பிடித்துப் போனோம். எக்ஸ்ரே, தோலுக்கடியில் திரவம், வலிக்கு ஊசி. பல நூறு வெள்ளி ஆனது. நன்கொடைப் பணத்திலிருந்து குழு கட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். புல்மாவைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரமாக விட்டு, அவள் மென்று விழுங்கும்வரை காத்திருந்து மறுபடி விட்டேன். என் சட்டையில் பாதி, அவள் வாயில் பாதி. விடியும் முன், சோபாவில் கண் அசந்த என்னை அம்மா உலுக்கினார். "ஏய், போட்டுட்டாடி!" சின்னதாக, காய்ந்து, கோணல்மாணலாக நாலைந்து புழுக்கை. படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். காலை ஆறு மணிக்கு அத்தனை பேரும் பதில் போட்டார்கள். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "எப்ப பிரியாணி?" சாப்பிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவரவர் இஷ்டம். ஆனால் விருந்தாடியாக வருகிற ஒவ்வொருவரும் அதே பேச்சைப் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்லும்போது, புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும் என் மகளின் முகம் சுருங்குவதை நான் பார்க்கிறேன். அதனால் இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன், இந்த வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம் மாமா என்று.

சரி, இரண்டாவது பலனுக்கு வருகிறேன். உடன் வாழ்ந்தால்தான் ஒரு முயலின் குணம் தெரியும். மல்லிக்கு மேலிருந்து கை வந்தால் பிடிக்காது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் தானாக வருவாள். பிளாஸ்டிக் பை சலசலத்தால் ஒளிவாள். பாய லேபார் தளத்துப் போர்விமானம் எங்கள் புளோக்குக்கு மேலே போகும்போது பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டுவாள். மதியத்தில் நம் வீடுகள் 30 டிகிரியைத் தாண்டிவிடும், முயலுக்கு வேர்க்காது. அந்த நேரத்தில் குளிர்ந்த தரை, காற்றாடி, துணி சுற்றிய ஐஸ் போத்தல் இல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு இளைக்கும். இதெல்லாம் தெரிந்த பிறகு இவளுக்கு எந்த மாதிரி வீடு சரிப்படும் என்று சொல்லும் உரிமை எனக்கு வந்துவிடுகிறது. அது கடமையும்கூட. இது இல்லாமல் புல்லும் தண்ணீரும் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது.

மல்லியைக் கேட்டு முதலில் வந்தவர்கள் ஒரு குடும்பம். மகனுக்கு ஏழாவது பிறந்தநாள் பரிசு. கூண்டைச் சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடத்தில் வைக்கலாமா என்றார்கள். அங்கே மேற்கு வெயில் விழுமாம். பையனுக்குப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா என்றும் கேட்டார்கள். கெட்டவர்கள் இல்லை, பேசிப் பார்த்தால் நல்ல மனிதர்கள்தான். ஆனால் முயல் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டு வாழும். அந்தப் பையன் தேசிய சேவைக்குப் போகும் வயதிலும் அது இருக்கும், அப்போது யார் புல் போடுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வேண்டாம் என்று குழுவிடம் சொன்னேன், குழுவும் ஒப்புக்கொண்டது. பிறகு அவர்கள் சமூக ஊடகத்தில் எழுதினார்கள், ஓசியில் கொடுக்கும் முயலுக்கு இவ்வளவு விசாரணையா, கடையில் காசு கொடுத்தால் கேள்வியே இல்லை என்று. கடையில் கேள்வி கேட்காததால்தான் படிக்கட்டில் கூண்டு கிடக்கிறது. இதை அங்கேயே பதிலாகப் போட்டேன்.

பிறகு வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் ஏற்கெனவே கருத்தடை செய்த கடுவன் ஒன்று இருந்தது, அதன் துணை இறந்துவிட்டிருந்தது. வந்ததும் மல்லியைத் தூக்கப் போகவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு, "எந்தக் கால்ல புண்ணு இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சன்னல்களுக்குக் கொசுவலை போட்டிருக்கிறதா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே படத்தைக் காட்டினார். 2020இல் முயல்களுக்கு வரும் ரத்தக்கசிவு நோய் சிங்கப்பூரில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சிகள் மூலமும் செருப்பில் ஒட்டியும் பரவக்கூடியது, வந்தால் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோய்விடும். அப்போதிருந்து நாங்கள் எல்லாரும் இதில் கறார்.

மல்லிக்குக் கருத்தடை முன்பே முடிந்திருந்தது. பெட்டை முயலுக்கு அதைச் செய்யாவிட்டால் வயதாக ஆகக் கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டையும் சேர்த்துவைப்பதை, இரண்டுக்கும் சொந்தமில்லாத என் வீட்டுக் குளியலறையில் ஆரம்பித்தோம். கடுவனுடைய இடத்தில் நேராகக் கொண்டுபோய் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். முதலில் ஒன்றையொன்று பார்க்காத மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. சில சந்திப்புகளுக்குப் பிறகு மல்லி தலையைத் தாழ்த்த, அவன் நெற்றியை நக்கிக் கொடுத்தான். ஆசிரியர் குளியலறை வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொடுத்த அன்று நான் அழுதேன். அம்மா சந்தையில் பழக்கதோஷத்தில் இரண்டு கட்டுக் கொத்தமல்லி வாங்கிவந்துவிட்டார். கஷ்டம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மல்லியை நானே வைத்துக்கொண்டிருந்தால் அடுத்து வந்த, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துபோன குட்டைக்காது முயலுக்கு என் வீட்டில் இடம் இருந்திருக்காது. பிரிவுக்குப் பயந்து இதில் இறங்காமல் இருப்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்தப் பயத்தை அன்பு என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை செய்யும் தாதி ஒருவர், மதுரைப் பக்கம். முயல் வளர்க்க என்னைவிடப் பொறுமைசாலி. அவரால் முடியவில்லை, ஏனென்றால் அவருக்கே வீடு கிடைக்கவில்லை. வாடகை வீட்டில் முயல் வைக்க உரிமையாளரைக் கேட்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் அவர் அறை தேடியபோது, முகவர் பெயரைக் கேட்டதும் "நீங்க இந்தியரா, சமைப்பீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். இது ஒரு தடவை மட்டும் நடந்ததில்லை. நம் ஊர் நோயாளிகளின் முதுகுப்புண்ணைச் சுத்தம் செய்கிற கைக்கு, ரசம் வைக்க ஓர் அடுப்பு கொடுக்க மாட்டார்கள். பல இனம் சேர்ந்து வாழும் நாடு என்று பேசிக்கொண்டே இதையும் செய்கிறோம். எனக்கு இது ஆறவே இல்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், குழுவிடம் முதலிலேயே மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: மருத்துவச் செலவு யாருடையது, நள்ளிரவில் எந்த மருந்தகம், நீங்கள் ஊருக்குப் போனால் முயல் எங்கே இருக்கும். வீட்டில் ஏற்கெனவே முயல் இருந்தால் புதிதாக வருவதை இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள். தரையில் ஓடும் மின்கம்பி எல்லாவற்றையும் மறையுங்கள், ஒரே இரவில் கடித்துவிடும். உண்ணிக்கு நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குத் தொடவே தொடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. அப்புறம், உங்கள் வீட்டில் பணிப்பெண் இருந்தால், குழுவுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது புல் போடுவதும் தட்டு கழுவுவதும் அவர் தலையில்தான் விழும். அவர் வேண்டாம் என்றால், வார இறுதியில் குழுவின் மற்ற வேலைகளுக்குப் போகலாம். முயலை மருந்தகத்துக்கு ஏற்றிப்போக, நகம் வெட்ட, படமெடுத்துத் தர எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.