கோவைச் சமவெளிக்கும் நீலகிரிப் பாதைகளுக்கும் ஒரே மவுண்டன் பைக்கில் எந்த டயர் போடுவது?

கேள்வி கேட்டவர் 29 அங்குலச் சக்கரம் கொண்ட மவுண்டன் பைக் வைத்திருக்கிறார். வார நாள்களில் கோவையைச் சுற்றியுள்ள மண்பாதைகளிலும், மாதம் இரண்டு முறை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டப் பாதைகளிலும் ஓட்டுகிறார். வண்டியோடு வந்த 2.25 அங்குல டயர் மழையில் வழுக்குகிறதாம். எல்லா இடத்துக்கும் பொருந்தும் டயர் எது என்று கேட்கிறார்.

எல்லா இடத்துக்கும் பொருந்தும் டயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் அதற்காக நீங்கள் இரண்டு ஜோடி டயர் வாங்கி, வாரந்தோறும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு வேறொன்று என்று பிரித்து யோசித்தால், நீங்கள் சொல்லும் பாதைகளில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம். இந்த எளிய செய்தி தெரியாமல் நான் முதல் ஆண்டிலேயே ஒரு தவறு செய்தேன். தடித்த பட்டன்கள் (டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டைகள்) கொண்ட, சரிவில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒரே மாதிரி டயர் இரண்டை வாங்கி மாட்டிக்கொண்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஏறினேன். பழைய ஜீப் ஒன்று பின்னால் வருவது போல வழிநெடுக உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது, தோட்டப் பாதையில் ஓட்டுவதற்குக் காலில் வலு மிச்சமில்லை.

டயர் வாங்குவதற்கு முன் காற்றைக் கவனியுங்கள். நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கல்லைப் போல் இருந்தால்தான் காற்று சரியாக இருக்கிறது என்பார்கள். பால் கேன் கட்டிச் செல்லும் வண்டிக்கு அது சரி. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவே தவிர, நீங்கள் நிரப்ப வேண்டிய அளவன்று. கல்லாக இறுகிய டயர் மண்ணின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்காமல் அதன் மேல் துள்ளிக்கொண்டே போகும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? நான் 70 கிலோ எடை. டியூப் இருந்தபோது முன்னால் 26, பின்னால் 29 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வைத்திருந்தேன். டியூப்லெஸ்ஸுக்கு மாறிய பிறகு முன்னால் 21, பின்னால் 24 வைக்கிறேன். உங்கள் எடைக்கு இது மாறும். ஒவ்வொரு முறையும் 2 பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே வாருங்கள். கல்லில் மோதும்போது ரிம் இடிக்கும் சத்தம் கேட்டாலோ, திருப்பத்தில் டயர் மடங்குவது போலத் தோன்றினாலோ, அங்கிருந்து 2 பிஎஸ்ஐ ஏற்றி நிறுத்திக்கொள்ளுங்கள். டியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது, அதாவது காற்று குறைந்துவிட்டது என்று பொருள்; பாம்புக் கடி போல இருப்பதால் ஓட்டுபவர்களும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். அளவிடுவதற்கு எப்போதும் ஒரே பம்பைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் இரண்டு பம்புகளின் முள் ஒரே எண்ணைக் காட்டுவது அரிது.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். மலை ஏறினால் காற்றழுத்தம் மாறுமே, கீழே வைத்த அளவு மேலே செல்லுமா என்று பலர் கேட்பதுண்டு. கோவை சுமார் 410 மீட்டர் உயரத்திலும் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, பம்பின் முள் ஏறத்தாழ இரண்டே முக்கால் பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 33 டிகிரி வெயிலிலிருந்து 15 டிகிரிக் குளிருக்குப் போகும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, இரண்டு பிஎஸ்ஐக்குச் சற்று மேல் குறைந்துவிடுகிறது. ஒன்றையொன்று கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிடுவதால், இதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

முன் டயரும் பின் டயரும் ஏன் வேறாக இருக்க வேண்டும் என்றால், அவை செய்யும் வேலை வேறு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சற்று ஆடும், நீங்கள் ஒரு காலை ஊன்றிச் சமாளிப்பீர்கள். முன் சக்கரம் வழுக்கினால் என்ன நடந்தது என்று புரிவதற்கு முன்பே தோள்பட்டை தரையில் இருக்கும். வண்டியைத் திருப்புவதும், இறக்கத்தில் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் டயர்தான். உட்கார்ந்து மிதிக்கும்போது உங்கள் எடையில் பாதிக்கும் மேல் பின் சக்கரத்தின் மேல் இருக்கிறது; அங்கே பட்டன்கள் தடிமனாகவும் ரப்பர் மென்மையாகவும் இருந்தால், ஒவ்வொரு மிதிக்கும் அந்தத் தடிமனை நசுக்குவதிலேயே உங்கள் வலு கரையும். ஆகவே பிடிப்பு முன்னால், வேகம் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரே ஒரு டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அது முன் டயராகவே இருக்கட்டும்.

இனி தரைக்கு வருகிறேன். உங்களைத் தொல்லை செய்வது மழைக்காலச் செம்மண். நீலகிரியின் செம்மண்ணில் களி அதிகம். நனைந்தால் பட்டன்களுக்கு இடையே அப்பிக்கொண்டு, பத்து மீட்டருக்குள் டயரை மொட்டை டயராக்கிவிடும். இதற்கு மாற்று, பட்டன்கள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று நன்றாக இடைவெளி விட்டும் அமைந்த டயர். சக்கரம் சுழலும் வேகத்தில் மண் தானாகவே உதிர்ந்துவிடும், உயரமான பட்டன் மேல்சேற்றைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டி மண்ணைப் பற்றும். மேக்ஸிஸ் நிறுவனத்தின் ஷார்ட்டி போன்றவை இதற்கென்றே உள்ளவை. ஆனாலும் அதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் சேற்றுக்கு அடியிலும், சேறு இல்லாத இடங்களிலும் கல் பதித்திருக்கிறார்கள். உயரமான மென்பட்டன் கல்லின் மேல் நிற்காமல் மடங்கி, வண்டியைப் பக்கவாட்டில் நெளியச் செய்கிறது. முழுச் சேற்று டயர் தேவைப்படுவது, தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் கூடலூர், அவலாஞ்சி போன்ற மேற்குப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓட்டுபவர்களுக்கு. நீங்கள் போகும் குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பவை. அங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அந்த மூன்று மாதங்களைத் தாண்டினால் பாதை இறுகிவிடும். மூன்று மாதத்துக்காக ஆண்டு முழுவதும் சேற்று டயரைச் சுமப்பது வீண்.

பாசி படிந்த கல்லும் மரத்தின் வேரும் வேறு கணக்கு. அங்கே மண் இல்லாததால் பட்டன் பதிவதற்கு ஒன்றுமில்லை; ரப்பரின் மென்மையும் குறைந்த காற்றும்தான் உதவும். பட்டனின் மேல் மெல்லிய கீறல்கள் இருந்தால், அது சிறிது விரிந்து கல்லைத் தழுவிக்கொள்ளும். நனைந்த வேரின் மேல் பிரேக் பிடித்தால் எந்த டயரும் காப்பாற்றாது.

ஜனவரிக்குப் பிறகு வரும் தரையைப் பலரும் எளிது என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதுவே ஏமாற்றும் தரை. அடியில் சிமென்ட் போல இறுகிய மண், அதன் மேல் ஒரு விரற்கடை தூசியும் பொடிச் சரளையும். வழவழப்பான தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன் மேல் நடப்பது போன்றது. உயரமான பட்டன் அந்தக் கெட்டி மண்ணில் இறங்காது. தட்டையான பட்டன் சரளையின் மேல் உருளும். நடுத்தர உயரமும் கூர்மையான விளிம்புகளும் கொண்ட பட்டன்கள் நடுவில் நெருக்கமாகவும், ஓரத்தில் தடித்த வரிசையாகவும் இருக்கும் டயர்தான் இங்கே தேவை. மேக்ஸிஸ் மினியன் டிஎச்எஃப் இந்த வகையில் பலரும் முன்னால் மாட்டும் டயர். அதில் நடுப்பட்டன்களுக்கும் ஓரப்பட்டன்களுக்கும் இடையே ஒரு வெற்று வாய்க்கால் இருப்பதால், திருப்பத்தில் வண்டியைத் துணிந்து சாய்ப்பவர்களுக்கே அதன் ஓரப்பிடிப்பு கிடைக்கும். அரைகுறையாகச் சாய்த்தால் அந்த வாய்க்காலின் மேலேயே மிதந்துகொண்டிருப்பீர்கள். அவ்வளவு முரட்டு டயர் வேண்டாம் என்றால் ஷ்வால்பே நிறுவனத்தின் நாபி நிக் போன்ற, எடை குறைந்த, பலதரைக்கான டயர் போதும். கற்பூர மரத்தின் காய்ந்த இலைகள் குவிந்த பாதையிலும் இதே நடுத்தரப் பட்டன்தான், வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சமவெளியில் கரிசல் மண் நனைந்திருந்தால் எந்த டயரைப் போட்டும் பயனில்லை. அது டயரில் மட்டுமன்றி, ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் இடையிலும் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். இரண்டு நாள் காயவிட்டுப் போங்கள். ஆற்று மணலுக்கு அகலமும் குறைந்த காற்றும் போதும்.

கோவைப் பக்கத்தில் உண்மையான எதிரி முள். அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதிகளில் ஆட்டுத்தலை முள் என்று சொல்லி ஓட்டுபவர்கள் அஞ்சுவது வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான்; அங்கே போய்க் களையாகப் பரவியிருக்கிறது. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்பதால் ஒரே ஓட்டத்தில் நாலைந்து ஓட்டைகள் விழும். அதற்குத் தடித்த டயர் தீர்வன்று, டியூப்லெஸ்தான் தீர்வு. உங்கள் ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றது என்றால், சீலன்ட் எனப்படும் பால் போன்ற ரப்பர்த் திரவத்தை உள்ளே ஊற்றிவிடுங்கள்; நெருஞ்சி குத்திய துளையை நீங்கள் அறிவதற்குள் அது அடைத்துவிடும். சீமைக் கருவேல முள் ஆழமாக இறங்கி உள்ளேயே ஒடிந்துவிட்டால், அதைப் பிடுங்கிவிட்டுத் துளை அடையும் வரை சக்கரத்தைச் சுழற்றிக் காத்திருக்க வேண்டியிருக்கும். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், நான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றிப் பார்த்துச் சிறிது சேர்க்கிறேன்.

ரப்பர் பற்றி: அதன் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். 42 என்றால் மிக மென்மை, 60 என்றால் கடினம். மேக்ஸிஸில் மேக்ஸ்கிரிப் மென்மையானது, மேக்ஸ்டெர்ரா நடுத்தரம்; ஷ்வால்பேயின் அடிக்ஸ் வகையில் சிவப்புக் கோடு வேகத்துக்கு, நீலம் நடுத்தரத்துக்கு, ஆரஞ்சு மென்மைக்கு, ஊதா மிக மென்மைக்கு. நீங்கள் தார்ச்சாலையிலும் ஏறுகிறீர்கள். ஊதா வகையைப் பின்னால் போட்டால் சாலைக்கே தேய்த்துக் கொடுத்துவிடுவீர்கள். முன்னால் நடுத்தரம் அல்லது மென்மை, பின்னால் கடினம் என்பது என் கணக்கு.

டயரின் உடல் ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூலால் நெய்யப்பட்டது என்பதை டிபிஐ என்று குறிப்பிடுவார்கள். 120 என்றால் மெல்லிய நூல்; எடை குறைவு, நன்றாக வளையும், ஆனால் பக்கவாட்டுப் பாதுகாப்பு தனியாக இல்லையென்றால் கல்லின் கூர்முனை எளிதில் கிழித்துவிடும். 60 தடிப்பானது, முரடானது. அப்படிப் பாதுகாப்பு இல்லாத 120 டிபிஐ பந்தய டயர் ஒன்று, வாங்கிய இரண்டாவது மாதமே கோடநாடு பக்கம் ஒரு தோட்டப் பாதையில் பக்கவாட்டில் கிழிந்தது. பையில் இருந்த பற்பசைக் குழாயை வெட்டி, கிழிசலுக்கு உட்புறம் வைத்து, டியூப் போட்டு ஊர் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து அப்படி வெட்டிய குழாய்த் துண்டு ஒன்று என் பையில் நிரந்தரமாக இருக்கிறது. நீங்களும் பின் சக்கரத்துக்குப் புது டயர் வாங்கும்போது பக்கவாட்டுப் பாதுகாப்பு உள்ளதையே வாங்குங்கள். எடை நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை.

கடையில் அங்குலத்தை மட்டும் சொல்லிக் கேட்காமல், டயரில் உள்ள 57-622 போன்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 57 என்பது மில்லிமீட்டரில் அகலம், 622 என்பது ரிம்மில் டயர் அமரும் விட்டம். 26 அங்குலம் என்று கேட்ட என் நண்பர் ஒருவருக்கு, மவுண்டன் பைக்கின் 559க்குப் பதிலாகச் சாதாரணச் சைக்கிளின் 590 டயரைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். இரண்டும் 26 அங்குலம்தான், ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றொன்று உட்காராது.

உங்கள் வண்டியில் நான் செய்வது இதுதான். முன்னால் 2.35 அல்லது 2.4 அங்குலத்தில், நடுத்தர உயரப் பட்டனும் மென்மையான ரப்பரும் கொண்ட ஒரு டயர். வாங்குமுன், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சுமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும். மாட்டும்போது பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையை நோக்கி இருக்கட்டும். பின்னால் இப்போதுள்ள 2.25ஐக் காற்றைக் குறைத்து அப்படியே ஓட்டுங்கள். கழற்றிய முன் டயரை எறிந்துவிடாதீர்கள். பின் டயரின் பட்டன் தேய்ந்ததும் அது அங்கே போகட்டும்.