கேள்வி பதில்: சாமுராய் வீட்டில் என்ன சமைத்தார்கள்?

கேள்வி: ஜப்பானில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் ஒரு பிரபுவிடம் சேவகம் பார்த்த சாதாரண சாமுராய் வசதியாக வாழ்ந்திருப்பாரா? படங்களில் பளபளவென்று கவசம், குதிரை எல்லாம் காட்டுகிறார்களே?

பதில்: இல்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் ஒரு குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். இஷிதா மிட்சுனாரி என்ற பிரபுவிடம் யமாடா கியோரெகி என்பவர் சேவகம் பார்த்தார். சம்பளம் 300 கோகு. ஒரு கோகு என்றால் ஏறக்குறைய 180 லிட்டர் அரிசி, ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அளவு. கேட்கப் பெரிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சேவகர் தன் வருமானத்துக்கு ஏற்ற ஆட்களையும் ஈட்டிகளையும் தன் செலவிலேயே போருக்குக் கூட்டிப்போக வேண்டும், அதனால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அவர் மகள் ஓஆன் கிழவியான பிறகு சொன்னதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிகோனே என்ற ஊரில் இருந்தபோது வீட்டில் காலையும் மாலையும் கஞ்சிதான், மதியச் சாப்பாடு என்ற பேச்சே கிடையாது. அண்ணன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மலைக்கு வேட்டைக்குப் போகிற நாளில் மட்டும் அவருக்குக் கட்டிக்கொடுக்கக் கீரைச் சோறு ஆக்குவார்கள், அதில் தங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்பதற்காகவே "வேட்டைக்குப் போ, போ" என்று பிள்ளைகள் அவரை நச்சரித்தார்களாம். ஓஆன் 13 வயதில் தைத்த ஒரே ஓர் உடையை 17 வயது வரை போட்டிருக்கிறார். கெண்டைக்கால் வெளியே தெரியும், அதை மறைக்கிற மாதிரி ஓர் உடை கிடைத்தால் போதும் என்பதுதான் அவருடைய ஆசை.

அப்புறம் 1600-இல் மிட்சுனாரி பக்கத்துக்கும் தொகுகாவா இயெயாசு பக்கத்துக்கும் போர் வந்தது. குடும்பமே மிட்சுனாரி பக்கத்து ஓகாகி கோட்டைக்குள். பெண்கள் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. தங்கள் வீரர்கள் வெட்டிக் கொண்டுவந்த எதிரிகளின் தலைகளுக்குப் பெயர்ச்சீட்டு கட்டி வரிசையாக வைப்பார்கள், அந்தத் தலைகளின் பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசித் தரச் சொல்லிப் பெண்களிடம் கேட்பார்கள். உயர்ந்த நிலையில் இருந்தவர்கள்தான் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள், ஆகவே கறுத்த பல் உள்ள தலைக்கு மதிப்பு அதிகம். அந்தத் தலைகளுக்கு நடுவில்தான் படுத்துத் தூங்கினோம், பயமே வரவில்லை என்கிறார் ஓஆன். 14 வயதுத் தம்பி குண்டடிபட்டு அவர் கண்ணெதிரே செத்தான். இதைப் படித்த பிறகு கவசப் படங்களைப் பழைய மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை.

கேள்வி: அந்த அப்பா கடைசி வரை சண்டை போட்டுச் செத்தாரா?

பதில்: சாகவில்லை, தப்பித்துப் போனார். எதிர்ப்பக்கத்துத் தலைவர் தொகுகாவா இயெயாசுவுக்கு ஒரு காலத்தில் அவர் எழுத்துப் பயிற்சி கொடுத்தவர். அதனால் விரும்பினால் வெளியேறலாம் என்று ஒரு கடிதத்தை அம்பில் கட்டி உள்ளே எய்தார்கள். குடும்பம் இரவில் மதிலிலிருந்து இறங்கி, ஒரு மரத்தொட்டியில் ஏறி அகழியைக் கடந்தது. சற்று தூரம் நடப்பதற்குள் அம்மாவுக்கு வலி கண்டு வழியிலேயே பெண் குழந்தை பிறந்தது, வயல் தண்ணீரில் குழந்தையைக் கழுவி எடுத்துக்கொண்டு, அம்மாவை அப்பா தோளில் தூக்கிப் போனார்.

இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று சேவகர்கள் பிரபு மாறுவது சகஜம். தோதோ தகதோரா பல பிரபுக்களிடம் மாறி மாறி வேலை பார்த்து, கடைசியில் தொகுகாவா பக்கம் நின்று ட்சு என்ற பகுதிக்கே பிரபுவானார். எஜமானுக்காக உயிரைக் கொடுப்பதே சாமுராய் தர்மம் என்கிற விரிவான எழுத்துகள் பெரும்பாலும் போர்கள் ஓய்ந்த பிறகு வந்தவை.

ஓஆன் பிற்பாடு தோசா என்ற பகுதியில் 80 வயதுக்கு மேல் வாழ்ந்தார். எதற்கெடுத்தாலும் "ஹிகோனேயில் நாங்கள் இருந்தபோது" என்று ஆரம்பிப்பதால் அங்கே இருந்த பிள்ளைகள் அவருக்கு ஹிகோனேப் பாட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.