ஆப் வேண்டாம், கோஹாவில் இருப்பதே போதும்

கேள்வி: திருகோணமலையில் ஓர் உயர்கல்வி நிறுவன நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். புது நூல்களின் பட்டியலை அறிவித்தல் பலகையில் போடுகிறோம், மின்னஞ்சலும் அனுப்புகிறோம், ஒருவரும் பார்ப்பதில்லை. எல்லார் கையிலும் போன் இருப்பதால் ஆப் ஒன்று செய்விக்கலாமா? நூற்பட்டியல் கோஹா என்ற நூலக மென்பொருளில் இருக்கிறது.

பதில்: வேண்டாம். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோய், டேட்டாவை அளந்து பாவிக்கிற பிள்ளை நூலகத்துக்கென்று தனி ஆப் வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. போனில் இடம் முடிந்தால் முதலில் அழிபடுவது அதுதான்.

கோஹா இருப்பதே பாதி வேலை முடிந்த மாதிரி. பொதுப் பட்டியலில் எதையாவது தேடிப் பாருங்கள், முடிவுப் பக்கத்தின் மேலே அலை மாதிரி வளைந்த கோடுகளோடு ஒரு சின்ன அடையாளம் தெரியும். அதுதான் ஆர்எஸ்எஸ் செய்தியோடை (இந்தியாவில் இருக்கிற இயக்கம் இல்லை!). அந்த இணைப்பை ஃபீட்லி, ஃபீடர் மாதிரி, எந்தத் தளத்தின் ஓடையையும் காட்டுகிற ஒரு வாசிப்பானில் ஒருமுறை போட்டுவிட்டால், அந்தத் தேடலுக்குப் பொருந்தும் புது நூல் பட்டியலில் ஏறும்போது தலைப்பு தானாகவே போனுக்கு வரும். வெறும் எழுத்து என்பதால் டேட்டாவும் பெரிதாகப் போகாது. 2013இல் கூகுள் ரீடர் என்ற வாசிப்பானை மூடியதோடு இது செத்துப்போச்சு என்பார்கள், ஆனால் பொட்காஸ்ட்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் இதில்தான் ஓடுகின்றன.

'எல்லாப் புது நூல்களும்' என்று ஒரே ஓடையைக் கொடுத்தால் அதுவும் இன்னொரு அறிவித்தல் பலகைதான். பாடவாரியாகக் கொடுங்கள். சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கு அந்தத் துறை நூல்களின் ஓடை, கூடவே பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக்கட்டுரைத் தேடல் தளத்தில் நிலவேம்பின் தாவரவியல் பெயரைத் தேடி, தேடல் பெட்டிக்குக் கீழே உள்ள ஆர்எஸ்எஸ் பொத்தானை அழுத்தி எடுத்த இணைப்பு. புது ஆய்வுக்கட்டுரை வந்தால் அதுவும் சேர்ந்தே வரும், இலவசமாக.

வாசிப்பான் வைக்கவும் பஞ்சிப்படுகிறவர்களுக்கு டெலிகிராம் சேனல் ஒன்று திறந்து பாட் (தானாகப் பதிவு போடும் நிரல்) மூலம் ஓடையை இணைக்கலாம். வட்ஸ்அப் குழு நேரடியாக எடுக்காது, வாரம் ஒருமுறை நாலைந்து தலைப்பை நீங்களே போட வேண்டியதுதான். திருப்பிக் கொடுக்கும் தேதி, தண்டப்பணம் போன்றவற்றை மட்டும் ஓடையில் விடாதீர்கள், இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம். அதற்கு எஸ்எம்எஸ் இருக்கிறது.

சரி, இதையெல்லாம் தொடங்குமுன் ஒரு தமிழ்த் தலைப்பைத் தேடி, ஓடையைப் போனில் திறந்து பாருங்கள். பழைய பதிவுகளை யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பைதான் வரும். அப்படி வந்தால் அவற்றை, போன்களில் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் இணைப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.